நாற்பத்துநாலு வீட்டு இலை

மஸாஹிரின் மேல்வரிசைக் கட்டுப்பல் செப்டெம்பர் பதினோராம் தேதி காலை ஏழேகாலுக்கு அவனுடைய வாயிலிருந்து காணாமற்போய், ஏழு இருபதுக்கு, சிலாபத்தில் அதைக் கட்டிக்கொடுத்த பல் வைத்தியரின் மேசை லாச்சியில் கிடந்தது. நுரைச்சோலைக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரிலிருந்து சிலாபத்துக்குப் பஸ்ஸில் போனால் இரண்டரை மணித்தியாலம் ஆகும். பாலாவியில் பஸ் மாறவும் வேண்டும். பல் ஐந்து நிமிடத்தில் போயிருக்கிறது. வைத்தியர் நேர்மையான மனிதர். என் கையால் செய்த பல்லை எனக்குத் தெரியாதா என்று அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டார். பல் போன நேரத்தில் மஸாஹிர் இலைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். வெறும் ஈறை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மீதிக் கஞ்சியையும் குடித்து முடித்தான். பல்லைக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கிவிட்டான் என்று நினைத்த அவனுடைய மனைவி ஷஃபீனா, வாழைப்பழம் எடுத்துவரக் குசினிக்குள் ஓடினாள்.

மஸாஹிர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். அந்தப் பக்கத்து மணலில் வெங்காயமும் மிளகாயும் கரட்டும் போடுகிறவர்களுக்குக் கிணற்றுப் பம்பு நின்றால் மூச்சும் நின்ற மாதிரி. அதனால் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்குக் கிடைக்கும் மரியாதையில் முக்கால்வாசி அவனுக்கும் கிடைத்துவந்தது. நாற்பத்து மூன்றாவது வயதில் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போயின. காரணம் கேட்டதற்கு ஒரு டொக்டர் தண்ணீர் என்றார், இன்னொருவர் பிரஷர் என்றார், மூன்றாமவர் சுருங்கியது சுருங்கியதுதானே என்றார். ஒன்றரை வருடம் கிழமைக்கு மூன்று தடவை புத்தளத்துக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் கழுவிக்கொண்டு வந்தான். பிறகு ஒரு மே மாதத்தில், கொழும்பில் வைத்து, ஷஃபீனாவின் இடது சிறுநீரகத்தை எடுத்து அவனுடைய வலது அடிவயிற்றில் பொருத்தித் தைத்தார்கள். அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. நாலாம் நாள் அவன் ஒரு போத்தல் நிறைய மூத்திரம் பெய்ததைக் கண்டு வார்ட்டில் இருந்த நோயாளிகள் எல்லாரும் கைதட்டினார்கள். ஷஃபீனாவும் வெட்கம் பார்க்காமல் தட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அவளை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான், வெளியிலிருந்து வருகிற எதையும் அவன் விரட்டுவான், பெண்சாதி கொடுத்த சிறுநீரகமும் அவன் கணக்கில் வெளியாள்தான். அவனைத் தூங்கவைப்பதற்குத்தான் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இந்தக் குளிசைகள். கஷாயம், லேகியம், தூள் என்று எதையாவது கொடுத்து அவனை எழுப்பிவிடக் கூடாது. ஷஃபீனா எல்லாவற்றையும் கேட்டாள், தலையாட்டினாள். ஆனால் வான் வண்டியில் ஊருக்குத் திரும்பிவரும் வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு விசயத்தைத்தான்: காவல்காரன் தூங்கினால் வீடு திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அன்றிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது தெருவில் தும்மினால் யன்னலைச் சாத்தினாள். கதவுப்பிடியை நாளைக்கு ஐந்து தடவை சவர்க்காரம் போட்டுத் துடைத்தாள். கிணற்றுத் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்தாள். மஸாஹிர் ஒருமுறை செருமினால் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

அந்த ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை. முன்பென்றால் தோடம்பழமும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுபோவார்கள். கொரோனா வந்த வருடத்தில் எதிர்ப்புச் சக்தி என்ற சொல் ஊருக்குள் வந்தது. கொரோனா போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. அதனால் மஸாஹிரைப் பார்க்க வந்தவர்கள் இலை கொண்டுவந்தார்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, தூதுவளை, கறிவேப்பிலை, ஒரு பிடி கருஞ்சீரகம், ஒரு துண்டு பச்சை மஞ்சள், மண்வாசனை போகாத வெள்ளைப்பூடு. மீன் விற்க வரும் அல்பொன்சா கோயில் வேலியில் படர்ந்திருந்த மொசுமொசுக்கையைப் பிடுங்கி, கூடையில் சூடை மீனுக்கு மேல் வைத்துக் கொண்டுவந்தாள். மஸாஹிரைத் தூக்கி வளர்த்த மூத்த ராத்தா நஃபீஸா, வேப்பமரத்தில் ஏறியிருந்த சீந்தில் கொடியை முழ நீளத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். பத்து வீட்டுக்காரர் வந்தபோது அது அன்பாக இருந்தது. நாற்பத்துநாலு வீட்டுக்காரரும் வந்து முடித்தபோது குசினியில் கால்வைக்க இடமில்லை.

நுரைச்சோலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெனிஸ்டன் படித்த பிள்ளை. அவன் போனைத் திறந்து ஒவ்வொரு இலைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று ஷஃபீனாவுக்கு வாசித்துக் காட்டினான். "அக்கா, இது சும்மா இலை இல்ல. முருங்கையில குவெர்செட்டின் இரிக்கி, மஞ்சளில குர்குமின், வெள்ளப்பூட்டில அல்லிசின். கருஞ்சீரகத்தில இரிக்கிறதுட பேரு வாயில நுழையாது. எல்லாம் உடம்ப முழிக்க வைக்கிற சாமான்." முழிக்க வைக்கிற என்ற சொல் அவள் காதில் நல்ல சொல்லாகத்தான் விழுந்தது. டொக்டர் விலக்கியது மருந்தை. மருந்து வேறு, சாப்பாடு வேறு. கஷாயம் போத்தலில் வருவது, கஞ்சி சட்டியில் வேகுவது. ஒருத்தி கொண்டுவந்த கஷாயப் போத்தலை அவள் அப்படியே கொல்லையில் ஊற்றியும் விட்டாள். இலையைத் தள்ளுவதானால் கொண்டுவந்த மனிதரைத் தள்ள வேண்டும். அதை அந்த ஊரில் எந்தப் பெண்ணும் செய்ததில்லை. ஆகவே ஜூன் மாதத்திலிருந்து நாற்பத்துநாலு வீட்டு இலையும் இடித்துப் பிழிந்து, சிவப்பரிசியில் தேங்காய்ப்பால் விட்டு, காலை தவறாமல் கஞ்சியானது. மஸாஹிரின் கன்னம் நிரம்பியது. ஊரில் எல்லாருக்கும் தடிமன் பிடித்த ஆகஸ்ட் மாதத்தில் அவனை மட்டும் ஒரு தும்மலும் தொடவில்லை. நுளம்பு அவன் தோளில் உட்காருவதை நிறுத்தியது. ஷஃபீனா அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம் இலை சேர்த்தாள்.

பல்லுக்குப் பிறகு மணிக்கூடு போனது. ஷஃபீனாவின் தம்பி அர்கம் கட்டாரிலிருந்து அனுப்பியது. அது மஸாஹிரின் கையிலிருந்து தானாகக் கழன்று, தோஹாவில் அர்கமின் கட்டிலுக்குக் கீழே நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, பெருநாளுக்கு யாரோ எடுத்துக்கொடுத்த சேட்டு; அது பொத்தான் பொத்தானாகத் திறந்து, கொடியில் காய்வதுபோலக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுத் தெருவழியே போயிற்று. பிறகு இரத்தம். இயந்திரத்தில் படுத்திருந்த காலத்தில் அவனுக்கு நாலு பைந்த் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். கொடுத்த நாலு பேரும் யாரென்று எவருக்கும் தெரியாது. செப்டெம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் மஸாஹிர் பழைய கடதாசி நிறத்துக்கு வெளிறிப்போனான். அந்தப் பின்னேரம் இந்த நாட்டில் எங்கோ நாலு பேருக்குக் காரணமில்லாமல் முகம் சிவந்திருக்கும் என்பதுதான் ஊரின் முடிவு. அந்தக் கிழமை சின்ன வெங்காயம் கிலோ நானூற்றைத் தொட்டது. ஆகவே இரத்தத்தைப் பற்றி அதிகம் பேச யாருக்கும் நேரமிருக்கவில்லை.

ஒக்டோபரில் தொழில் போனது. ஒரு தோட்டத்தில் பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்துவிட்டு, மஸாஹிர் நட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். நட்டை எந்தப் பக்கம் சுற்றினால் கழலும், எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் முந்தலில் அவனுக்கு அந்தத் தொழிலைப் பழக்கிக்கொடுத்தவர் இன்னாசிப்பிள்ளை. எண்பத்தொரு வயது, கை நடுக்கத்தால் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறவர். அதே காலையில் அவருடைய கை நடுக்கம் நின்றது. அவர் கட்டிலைவிட்டு எழுந்து, பக்கத்து வளவில் துருப்பிடித்துக் கிடந்த பம்பைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி, பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் இறைத்துவிட்டார். மஸாஹிரைத் தோட்டக்காரர்கள் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவன் குசினிப் படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"ஷஃபீனா, என்ட கைக்குள்ள ஒண்டுமில்ல. காலியாப் போச்சி."

"களைப்பு அது. ராவைக்கு நல்லாத் தூங்கினாச் சரியாப் போகும்."

"அந்தந்தச் சாமான் அவங்கவங்களுக்கே போகுது. நீ கவனிச்சியா?"

அவள் கவனித்திருந்தாள். கவனித்ததை வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்து அடுப்பை ஊதினாள்.

பிறகு வீட்டின் முறை. அந்த வீடு கலியாணத்தின்போது ஷஃபீனாவின் வாப்பா அவளுடைய பெயரில் எழுதிக்கொடுத்தது. அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான், பதினெட்டு வருடமாக மஸாஹிரும் அப்படித்தான் இருந்தான். இப்போது அவன் உடம்பு அந்த வீட்டையும் வைத்துக்கொள்ள மறுத்தது. இரவு கட்டிலில் படுப்பான். சுபஹு பாங்கு சொல்லும்போது பாயோடு முற்றத்து மணலில் கிடப்பான். கதவு உள்ளே பூட்டியபடியே இருக்கும். கட்டிலில் கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். கயிறு மட்டும் கட்டிலில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவனுக்குச் சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஷஃபீனா முற்றத்திலேயே தென்னோலைப் பந்தல் போட்டு, கட்டிலை வெளியே எடுத்து, அவனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக்கொண்டாள். அவன் கையைப் பிடிக்கப் போனால் அவளுடைய விரல்கள் எண்ணெய் பூசிய போத்தலைப் பிடித்ததுபோல வழுக்கின. அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

நவம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய இடது விலாவில், தையல் போட்டு ஆறிய இடத்தில், அரித்தது. மாலையில் அந்த இடம் கனத்தது. ஆறு மாதமாக வெறுமையாகக் கிடந்த இடம் அது. அவள் அந்த வெறுமைக்குப் பழகியிருந்தாள்; இடது பக்கம் சாய்ந்து படுத்தால் கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான். இப்போது உள்ளே யாரோ சாமான் வைக்க இடம் ஒதுக்குவது மாதிரி இருந்தது. ஷஃபீனாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பல் போயிற்று, மணிக்கூடு போயிற்று, இரத்தம் போயிற்று, தொழில் போயிற்று, வீடு போயிற்று. அடுத்தது அவளுடையது. அது அவளிடமே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. வந்து சேர்கிற அன்றைக்கு மஸாஹிர் மௌத்தாகிவிடுவான். அவள் கையால் இடித்துப் பிழிந்த கஞ்சி அவனைக் கொல்லப்போகிறது. அவள் அந்த இடத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, போ, போ, அங்கேயே போ என்று தன் வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினாள்.

கொழும்பு வார்ட்டுக்குப் போன் எடுத்தாள். எடுத்த தாதி ஒவ்வொன்றாகக் கேட்டாள்: காய்ச்சல் உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, மூத்திரம் எவ்வளவு. கால் வீங்கியிருந்தது. மூத்திரம் அரைக் கோப்பை.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

"இலக்கஞ்சி, மிஸ். மருந்து ஒண்டும் குடுக்கல்ல. வெறும் இலதான்."

"எத்தின மாசமா?"

"ஜூனிலிருந்து."

"நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்க. பிந்த வேணாம்."

ஊரில் தூரப் பயணம் போகிற ஒரேயொரு வான் ஒரு மையித்து அடக்கத்துக்காகக் குருநாகலுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வரும் என்றார்கள். ஷஃபீனா கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து யோசித்தாள். அவனுடைய உடம்பு எல்லாவற்றையும் கொடுத்தவர்களிடம் திருப்பி அனுப்புகிறது. ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. இலையை அனுப்பவில்லை, அதை அது தின்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவனால் முடியாததைத் தான் செய்துவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தாள். சுபஹு தொழுதவுடன் குசினியில் மிச்சமிருந்த இலைகளையெல்லாம் பிரித்தாள். போதாததைக் கொல்லையிலும் வேலியிலும் பறித்தாள். யார் வீட்டிலிருந்து எது வந்ததென்று அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. பெண்கள் அதை மறப்பதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுப் படலையைத் தட்டும்போது காலை ஆறரை.

நோயாளிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவருவது அந்த ஊரில் அதுவரை நடக்காத காரியம். முகத்தில் காறித் துப்புவதும் அதுவும் ஒன்றுதான். அவள் கதை சொல்ல நிற்கவில்லை. "இது ஒங்கட இல. தாரன், வாங்கிக்கங்க" என்று சொல்லிக் கையில் வைத்தாள். சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, பதினைந்து வருடக் கூட்டாளி, இலையை வாங்கித் தெருவில் எறிந்தாள். ஷஃபீனா அதை மண்ணிலிருந்து பொறுக்கி, இரண்டாம் தடவையும் அவளுடைய கையில் வைத்தாள். ஜெனிஸ்டன் கடையிலிருந்து கொடுத்த மஞ்சள் துண்டை மன்னிப்புக் கேட்டபடி வாங்கிக்கொண்டான். அவன்தான் அன்றைக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள். அல்பொன்சா கூடையை இறக்கிவைத்துவிட்டு மொசுமொசுக்கையை வாங்கி இடுப்பில் செருகினாள். "குடு புள்ள. என்ன நடக்குதெண்டு எனக்கு விளங்கல்ல. ஒன்ட மொகத்தப் பாத்தா வாங்கத்தான் வேணும்போல கிடக்கு" என்றாள். ஒவ்வொரு வீடு தாண்டும்போதும் ஷஃபீனாவின் விலாக் கனம் ஒரு நெல்மணி அளவு குறைவதுபோல இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றியதா, உண்மையாகவே குறைந்ததா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. பன்னிரண்டரை மணிக்கு நாற்பத்து மூன்று வீடு முடிந்திருந்தது.

நாற்பத்துநாலாவது நஃபீஸாவின் வீடு. அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். செய்தி ஷஃபீனாவின் கால்களைவிட வேகமாக நடந்திருந்தது.

"மதினி, இந்தாங்க ஒங்கட சீந்தில்."

"என்ட கையால என்ட தம்பிக்குக் குடுத்தத நான் வாங்க மாட்டன்."

"வாங்குங்க மதினி. ஒங்கட கால்ல விழுறன். வாங்காட்டி அவரு மௌத்தாகிருவாரு."

"அவன் மூணு வயசில வாந்திபேதி வந்து கிடக்கக்க இதக் குடுத்துத்தான் எழுப்பின. ஊரெல்லாம் குடுத்தது நஞ்சா? நீதானே அவன முத்தத்தில போட்டு வெச்சிரிக்க. ஒன்ட வீட்டுக்குள்ள அவனுக்கு இடமில்லாமப் போச்சா?"

ஷஃபீனா வாசற்படியில் மண்டியிட்டாள். நஃபீஸா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இருந்ததும் பயம்தான். தம்பிக்காகத் தான் செய்த ஒன்று தப்பாகிவிட்டால் பிறகு தனக்கு என்ன மிஞ்சும் என்ற பயம். அந்தக் கை கடைசிவரை வெளியே வரவில்லை. வானின் கோர்ண் சத்தம் கேட்டது. ஷஃபீனா சீந்தில் தண்டோடு வீட்டுக்கு ஓடி, அதைக் குசினிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மஸாஹிரை வானில் ஏற்றினாள்.

முந்தல் தாண்டும்போது மஸாஹிர் தன் வலது அடிவயிற்றைத் தடவி, போயிட்டுது என்றான். ஷஃபீனா தன் இடது விலாவைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே கனம் இல்லை. அது வந்து சேரவும் இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கொழும்புவரைக்கும் போனார்கள். அவன் மூச்சு நிற்கிறதா என்று அவள் ஒவ்வொரு சந்தியிலும் அவனுடைய மூக்குக்கு முன்னால் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு போனாள்.

வார்ட்டில் அவனுக்குச் சேலைன் ஏற்றினார்கள். அது குழாய் வழியே இறங்கி, கையருகில் வந்து, திரும்பி மேலே ஏறிப் போத்தலுக்குள் போனது. தாதி போத்தலை மாற்றினாள். அதுவும் ஏறிப் போனது. மூன்றாவது போத்தலுக்குப் பிறகு அவள் அட்டவணையில் நேரத்தை எழுதி, ஏற்கவில்லை என்று குறித்து, அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஸ்கான் அறையில் இருந்தவர் கடுகடுத்த ஒரு டொக்டர் அம்மா. அன்றைக்குக் காலையிலிருந்து முப்பத்தொரு வயிறு பார்த்துக் களைத்திருந்தவர். மஸாஹிரின் பழைய சிறுநீரகங்கள் இரண்டும் உலர்ந்த புளியங்கொட்டை அளவில் இருந்தன. புதிதாகப் பொருத்திய இடத்தில் ஒன்றுமே இல்லை. விலா கனத்ததாகச் சொன்னவளையும் படுக்கவையுங்கள் என்றார். பக்கத்துக் கட்டிலில் ஷஃபீனா படுத்தாள். அவளுடைய வலது சிறுநீரகம் இருந்தது, இடது பக்கம் வெறுமை. டொக்டர் அம்மா கருவியை இவளிடமிருந்து அவனிடம் கொண்டுபோகக் கையை நீட்டினார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே, வெறும் காற்றில், கருவி போய்க்கொண்டிருக்கும்போது திரையில் அது தெரிந்தது. பத்தரைச் சென்ரிமீற்றர் நீளம், நல்ல இரத்த ஓட்டம், வீக்கம் இல்லை. அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் அளந்தார். பிறகு அறிக்கையில், இடம் என்ற கோட்டுக்கு நேரே, கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அன்று இரவு மஸாஹிர் ஒரு போத்தல் மூத்திரம் பெய்தான். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஷஃபீனாவுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

பதினோராம் நாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதிக்கொடுத்த அறிவுறுத்தல்கள் நாலு: குளிசை நேரத்துக்கு எடுக்க வேண்டும், இலை கூடவே கூடாது, மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து கிளினிக் வர வேண்டும், இருவருக்கும் இடையில் மூன்று முழத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, குறுக்கே எதையும் விடவும் கூடாது. கடைசி அறிவுறுத்தலை டொக்டர் தன் கையால் அடிக்கோடிட்டிருந்தார். வீடு மஸாஹிரை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டது. மற்றப்படி எதுவும் திரும்பி வரவில்லை. இன்னாசிப்பிள்ளை முந்தல் சந்தியில் ஒரு பம்புக் கடையே திறந்துவிட்டார். சீந்தில் தண்டு ஆணியில் தொங்கியபடியே, மண்ணுமில்லாமல் தண்ணீருமில்லாமல், மூன்று இலை விட்டிருக்கிறது. நஃபீஸா அதை வாங்கிக்கொண்டால் நடுவில் நிற்பது ஏதாவது ஒரு பக்கம் போய்ச் சேரும் என்று ஊரில் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஷஃபீனா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தச் சுவர்ப் பக்கம் போவதற்கே அவளுக்குப் பயம்.

பயம் அவளை விட்டுப் போகவில்லை, இனிப் போகவும் மாட்டாது. ஆட்டுக்குட்டிக்குப் பயம், சைக்கிளுக்குப் பயம், கச்சான் காற்றுக்குப் பயம். காற்று பலமாக அடித்தால் மஸாஹிருக்கு நடுக்கம் எடுக்கிறது, அவளுக்கு விலா குளிர்கிறது; அப்போது இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பி, முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். சந்தைக்குப் போனால் சேர்ந்தே போகிறார்கள். அவள் இடது பக்கத்தில் அவன், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம். ஊருக்கு இது கஷ்டமாக இருக்கவில்லை. தொழுகிற ஒருவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழகிய சனம். அதோடு இதையும் சேர்த்துக்கொண்டார்கள். புதன்கிழமைச் சந்தை நெரிசலில்கூட ஆட்கள் நின்று, சுற்றி, அந்தப் பக்கத்தால் போகிறார்கள். வெளியூர் லொறிக்காரன் ஒருவன் தெரியாமல் நடுவால் கையை நீட்டித் தக்காளி எடுக்கப் போனபோது அவனைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துவிட்டார்கள்.

மாசி மாதத்தில் நஃபீஸா வந்தாள். வெறுங்கையோடு வந்தாள், நோயாளி வீட்டுக்கு அவள் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. சலாம் சொன்னாள். நேரே குசினிக்குள் போனாள், ஆணியைப் பார்த்தாள், கேத்தலை அடுப்பில் வைத்தாள். மஸாஹிரும் ஷஃபீனாவும் முன்விறாந்தையில் சுவரோரமாகத் தங்கள் இரண்டு கதிரையில், நடுவே இடம் விட்டு, உட்கார்ந்திருந்தார்கள். குசினிக் கதவு ஷஃபீனாவின் பக்கம். தம்பி அதற்கு அப்பால், கையெட்டும் தூரம். ஷஃபீனாவின் முகத்துக்கு முன்னால் கோப்பையை நீட்டினால் போதும். நஃபீஸா கோப்பையோடு வாசல்வரை வந்தாள். அந்த இடைவெளியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஷஃபீனா கதிரைக் கையைப் பிடித்தாள். நஃபீஸா திரும்பிக் குசினிக்குள் போய், பின்கதவால் இறங்கி, கிணற்றடியைக் கடந்து, வீட்டை முழுதாகச் சுற்றி, முழங்கால் வலியோடு மணலில் கால் புதைய நடந்து, மறு பக்கத்தால் வந்து தம்பியின் கையில் கோப்பையைக் கொடுத்தாள். பாதி சிந்தியிருந்தது, ஆறியும் போயிருந்தது. வெறும் பிளேன்டீ, இஞ்சிகூடப் போடவில்லை.